பள்ளத்தாக்கின் செல்வமும் உழைப்போரின் கூலியும்

ஒரு பிரதேசத்தின் செல்வம் பெருகுமாயின் அங்கு வாழும் அனைவரது வாழ்வும் தானாகவே உயரும் என்னும் கொள்கை நெடுங்காலமாகப் போதிக்கப்பட்டு வருகின்றது. அக்கொள்கையைச் சோதித்துப் பார்ப்பதற்கு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சாந்தா கிளாராப் பள்ளத்தாக்கினும் தகுந்த களம் வேறில்லை. சிலிக்கன் பள்ளத்தாக்கு என உலகம் அதனை அழைக்கின்றது. அப்பெயர் அச்சேறியது 1971ஆம் ஆண்டிலாகும். ஆனால் அங்கு நிலவும் கூலி உறவுகளின் வரலாறு அப்பெயரினும் மூத்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அப்பள்ளத்தாக்கு பிளம்ஸ், அப்ரிகொட், செரி முதலிய பழத்தோட்டங்களுக்குப் பேர்போனதாய் விளங்கிற்று. பழங்களைத் தகரத்தில் அடைக்கும் ஆலைகளில் பெரும்பாலும் குடியேறிய குடும்பங்களின் பெண்களே உழைத்தனர். கூலிக் குறைப்பை எதிர்த்து அவ்வாலைத் தொழிலாளர் 1931இல் வேலைநிறுத்தம் செய்தனர். சான் ஹோசே நகரில் மெக்சிக்கோ வழிவந்த தொழிலாளர் வாழ்ந்த சேரியொன்றுக்கு, ‘முடிந்தால் வெளியேறு’ என்பதே பெயராக வழங்கிற்று. விவசாயத் தொழிலாளரின் தலைவராகப் பின்னாளில் புகழ்பெற்ற சேசார் சாவேஸ், 1952இல் பொதுப்பணியில் ஈடுபடத் தொடங்கியது அச்சேரியிலேயே.

புதிய கைத்தொழில் அத்தோட்டங்களின் மீதே எழுந்தது. 1939இல் இரு பொறியியலாளர் 538 டொலர் முதலுடன் ஒரு கார்க் கொட்டகையில் ஹியூலற்-பக்காட் கம்பனியைத் தொடங்கிய கதை யாவரும் அறிந்ததே. தனிமனித மேதைமையே இச்செல்வத்தை ஈன்றது என்று காட்டுதற்கு அக்கதை ஓயாது சொல்லப்படுகின்றது. ஆனால் 1956இல் லொக்ஹீட் ஏவுகணைத் தொழிற்சாலை அங்கு வந்ததையும், 1957இல் தோன்றிய பெயார்சைல்ட் கம்பனியின் குறைகடத்திகளை மினிற்மன் ஏவுகணைக்கும் அப்பல்லோ விண்வெளித் திட்டத்துக்குமாக அரசாங்கமே வாங்கியதையும் அக்கதை சொல்வதில்லை. பொதுமக்களின் வரிப்பணமே இக்கைத்தொழிலின் தொட்டிலை ஆட்டிற்று.

நுண்ணிய சில்லுகளைப் பொருத்தும் வேலை மீண்டும் குடியேறிய பெண்களையே வந்தடைந்தது. மெக்சிக்கோ, பிலிப்பைன்ஸ், வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் அவருட் பலர். மேலும் மலிவான உழைப்பை நாடி, பெயார்சைல்ட் 1963இல் ஹொங்கொங்கிலும், 1965இல் நவஹோ பழங்குடியினரின் நிலத்திலும் ஆலைகளை நிறுவியது. பெருங்கம்பனிகளின் ஆலைகளில் தொழிற்சங்கம் வேரூன்ற விடப்படவில்லை. ‘தூய கைத்தொழில்’ எனப் புகழப்பட்ட இதன் நச்சுத் திரவம், 1981இன் இறுதியில் சான் ஹோசேயில் குடிநீர்க் கிணறொன்றிற் கலந்திருந்தமை வெளிப்பட்டது.

பின்வந்த காலத்தில் சுரண்டல் புதியதொரு வடிவத்தைப் பெற்றது. துப்புரவு, சமையல், காவல், வாகனமோட்டல் ஆகியவற்றைக் கம்பனிகள் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தன. குறைந்த விலை கேட்பவனுக்கே ஒப்பந்தம் கிடைக்கும். அவனால் குறைக்கக்கூடிய செலவோ பெரும்பாலும் கூலி ஒன்றே. தொழிலாளி கூலி உயர்வு கேட்டால், தன்னிடம் பணமில்லை என்பான் ஒப்பந்தக்காரன். இவர் எம் தொழிலாளரல்லர் என்னும் கம்பனி. இவ்வாறு உழைப்புக்கும் இலாபத்துக்கும் இடையே ஒரு திரை விழுந்தது. அப்பிள் கம்பனியின் கட்டடங்களைத் துப்புரவு செய்தோர் அத்திரையைக் கிழித்தனர். ஒப்பந்தக்காரனோடு நில்லாது கம்பனியின் பெயரையே வீதிக்கு இழுத்துப் போராடி, 1992இல் தொழிற்சங்க உரிமையை வென்றெடுத்தனர்.

எனினும் கூலியோடு இக்கதை முடிவதில்லை. பொறியியலாளரின் உயர்ந்த சம்பளமும், போதிய வீடுகள் கட்டப்படாமையும் சேர்ந்து வீட்டு வாடகையை ஏற்றிவிட்டன. அவர்தம் அலுவலகத்தைக் கூட்டுபவளும் அதே சந்தையிலேதான் கூரை தேடவேண்டும். வேலைத்தலத்தில் ஒருமுறையும், வாடகை கொடுக்கும் நாளில் மறுமுறையுமாக அவள் உழைப்பு பறிக்கப்படுகின்றது. சான் ஹோசேயின் ஓடைக்கரையில் ‘காடு’ என்றழைக்கப்பட்ட குடிசைத் தொகுதியிலிருந்து, 2014 டிசம்பரில் ஏறத்தாழ முந்நூறு பேர் வெளியேற்றப்பட்டனர். இரவு முழுவதும் ஓடிய 22ஆம் இலக்கப் பேருந்தில், வீடற்றோர் படுத்துறங்கி இரவைக் கழித்தனர். உலகின் பெருஞ்செல்வம் குவிந்த இடத்திலேதான் இவை நிகழ்ந்தன.

ஆசிரியரும் மாணவரும் சிறப்பாகக் கருதவேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. சான் ஹோசே அரச பல்கலைக்கழகத்தின் சமூகவியல் வகுப்பொன்றில் உதித்த யோசனையை, மாணவரும் தொழிற்சங்கங்களும் மக்கள் வாக்கெடுப்புவரை கொண்டுசென்றனர். 2012 நவம்பரில் மக்கள் அதனை ஏற்றனர். அடுத்த ஆண்டில் நகரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு எட்டு டொலரிலிருந்து பத்து டொலராயிற்று. 2017இல் பேஸ்புக் தலைமையகத்தின் உணவுச்சாலைத் தொழிலாளர் ஏறத்தாழ ஐந்நூறு பேர் தொழிற்சங்கத்தில் இணைந்தனர்.

இவை சிறிய வெற்றிகளே. ஏறும் வாடகை இவற்றையும் அரித்துவிடும். ஆயினும் இவை உணர்த்தும் உண்மை சிறிதன்று. பழத்தோட்டம் போய்ச் சில்லு வந்தது. சில்லுக்குப் பின் கணினி நிரல் வந்தது. உற்பத்திக் கருவிகள் மாறியபோதெல்லாம் இலாபம் உயர்ந்தது. ஆனால் அடித்தட்டு உழைப்பாளியின் கூலி அதனுடன் தானாக உயரவில்லை. அது உயர்ந்த இடங்களில், மனிதர் ஒன்றுகூடிக் கேட்டதன் பயனாகவே உயர்ந்தது. தொழில்நுட்பம் வறுமையை ஒழிக்கும் என்று காத்திருக்கச் சொல்வோருக்கு, அப்பள்ளத்தாக்கின் வரலாறே தக்க மறுமொழியாகும்.