பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும்

புதிதாக வீடு கட்டுபவர்கள், ஹோட்டல் திறப்பவர்கள் பலரும் இப்போது "செட்டிநாட்டு ஸ்டைல்" கேட்கிறார்கள். முகப்பில் கனமான தேக்குத் தூண், தரையில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல், கூடத்தில் ஊஞ்சல், ஓரமாகச் சாய்வுப் பலகை வைத்த கணக்குப்பிள்ளைப் பெட்டி. எல்லாம் சேர்ந்தால் அழகுதான். ஆனால் அந்தத் தூணின் கதை வேறு, அந்தத் தரையின் கதை வேறு. தூண் விற்க விற்கக் குறையும் சரக்கு. தரைக்கல்லோ விற்றால்தான் பிழைக்கும் தொழில்!

பணம் வந்த வழி

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 1850-க்கும் 1940-களுக்கும் இடையே கட்டப்பட்டவை. சுற்றிலும் வறண்ட பூமி. அப்படியானால் பணம் எங்கிருந்து வந்தது? கடல் தாண்டி வந்தது.

1852-ல் ஆங்கிலேயர்கள் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுமதி பெருகியது. காட்டைத் திருத்தி நெல் பயிரிட பர்மிய விவசாயிக்குக் கடன் வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். 1930 வாக்கில் பர்மாவில் அவர்களுக்கு ஏறக்குறைய 1650 கடைகளும், சுமார் 75 கோடி ரூபாய் முதலும் இருந்தன.

லாபத்தின் ஒரு பகுதி பர்மா தேக்காகக் கப்பல் ஏறி வந்தது. இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி. உள்ளூரில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து அரைத்துச் சுவரை வழுவழுப்பாகப் பூசினார்கள். கதவு நிலைகளில் தச்சர்கள் தெய்வங்களையும் பூக்கொடிகளையும் செதுக்கினார்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கும் வீடு அடுத்த தெருவில் போய் முடியும்.

கணக்கு தலைகீழானது

1930-களில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை சரிந்ததும் விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதிலாக நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதம் நிலம் நகரத்தார் கையில் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம்! ரொக்கமாக இருக்க வேண்டிய முதல் முழுவதும் விற்க முடியாத நிலத்தில் முடங்கியது. பர்மியர்களுக்கோ சொந்த நிலம் பறிபோன கோபம். இந்த அழகான வீடுகளுக்குப் பின்னால் அந்த விவசாயிகளின் இழப்பும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

1942-ல் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது. ஏராளமான இந்தியர்கள் நாட்டை விட்டு ஓடி வந்தார்கள். 1948-ல் பர்மா விடுதலை பெற்றபின் நிலச் சட்டங்கள் வந்தன. 1962-ல் ராணுவ ஆட்சி வந்ததும் மிச்சமிருந்த வியாபாரமும் தேசியமயமானது. வருமானம் நின்றது. வீடுகள் மட்டும் நின்றன.

ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். ஓடு மாற்றும் செலவை யார் ஏற்பது? ஒத்துவராத இடத்தில் வீடு பிரிக்கப்பட்டது. தூண், நிலை, கதவு, பெட்டகம் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. அசையாச் சொத்து அசையும் சொத்தாகிவிட்டது. சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், அப்படிப் பிரித்து வந்த செட்டிநாட்டு வீடு ஒன்று மறுபடி எழுப்பப்பட்டிருக்கிறது. அதற்கு நல்ல கதி கிடைத்தது. எல்லாத் தூணுக்கும் அப்படிக் கிடைப்பதில்லை.

கையில் இருக்கும் மூலதனம்

ஆத்தங்குடிக் கல்லின் நுட்பமும் முழுக்க உள்ளூர்ச் சரக்கில்லை. சிமென்ட் தரைக்கல் 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரவிய தொழில். அதை இங்குள்ளவர்கள் தங்கள் ஊர் மணலுக்கும் கைக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டார்கள்.

செய்முறை எளிது, கைப்பழக்கம்தான் கடினம். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தையும் டிசைன் அச்சையும் வைத்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சாயம் கலந்த சிமென்ட் குழம்பை அறை அறையாக ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு சாந்து போட்டு மட்டம் செய்வார்கள். காய்ந்தபின் சில நாள் தண்ணீரில் ஊறும். கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு கல்லில் வந்திருக்கும். சூளை கிடையாது. வீட்டில் நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க இன்னும் மினுக்கும்.

இந்தத் தொழில் ஆத்தங்குடியில் இன்றும் நடக்கிறது. காரணம் சாதாரணமானது. பழைய தூணை விற்றால் ஒரு வீடு குறைகிறது. புதுக் கல்லை விற்றால் ஒருவருக்குக் கூலி கிடைக்கிறது, அவர் மகனுக்கும் வேலை தெரிகிறது.

மரத்துக்கும் இந்த வழி இல்லாமலில்லை. பழனி மலையில் தாண்டிக்குடி போன்ற ஊர்களின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக சில்வர் ஓக் வளர்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், ஒட்டுப்பலகைக்கும் மேசை நாற்காலிக்கும் ஆகும். வெட்டினால் மறுபடி நடலாம். தேக்கின் கம்பீரம் இதற்கு இல்லைதான். ஆனால் செதுக்கத் தெரிந்த தச்சருக்கு வேலை கொடுக்க பர்மாவின் காடு வேண்டியதில்லை.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் இடம் பெறும் ஊரில் வீடு மிஞ்ச வேண்டுமே! செட்டிநாட்டு அழகை விரும்புகிறவர்கள் தூண் விலை கேட்குமுன், அது எந்த வீட்டைத் தாங்கி நின்றது என்று ஒருமுறை கேட்கலாம். தரைக்கு மட்டும் அந்தக் கேள்வி தேவையில்லை. ஆத்தங்குடிக்கு ஆர்டர் கொடுத்தால் போதும்.