அரிசி டப்பாவும் வானவில் பள்ளியும்

நாம் வாழும் பெஹாலாவுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1698-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இங்கே பரிஷாவில் சபர்ண ராய் சௌதுரி குடும்பத்தார் சுதானுடி, கலிகட்டா, கோவிந்தபூர் என்னும் மூன்று கிராமங்களின் உரிமையை 1300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு எழுதிக் கொடுத்தனர். அந்தக் குடும்பத்தின் ஆட்சாலா மண்டபத்துத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஊர் விலைபோன இந்தக் கதையை நம் காலனிப் பிள்ளைகள் ஒருவாறு அறிவர். இந்நகரில் பிள்ளைகளே அறிந்தும் செய்தும் காட்டிய வேறொரு வரலாறு உண்டு. அதைப் பற்றி நம்மவர் அதிகம் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு செயலாளர் கேட்டபோது அதையே எழுதலாம் என்று துணிந்தேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன், புலவனல்லன். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டி நடைபெற்றதும், ‘உலக வறுமையும் குழந்தைகளும்’ என்பது தலைப்பாக இருந்ததும் அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். நடுவர் மூவரில் அடியேனும் ஒருவன். பிள்ளைகள் அழகாகப் பேசினர். ஆப்பிரிக்கக் கண்டத்து நாடுகளின் பெயர்கள் சரளமாக வந்தன. ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானங்கள் தேதியோடு வந்தன. முதற்பரிசு பெற்ற சிறுமிக்குப் பன்னிரண்டு வயது. பரிசளிப்பு முடிந்து பந்தியில் அமர்ந்தபோது, அவளுக்கு அடுத்த இலையில் நான் இருந்தேன். சாம்பார் வாளியைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்த பையனை அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “மாமா, இவன் எந்த வகுப்பு?” என்று கேட்டாள். சமையல் குத்தகைக்காரர் அழைத்து வந்த பையன் அவன். நான் மெல்ல விசாரித்தேன். நான்காம் வகுப்போடு நின்றுவிட்டதாகச் சொன்னான். அவளுக்கு நான் என்ன மறுமொழி சொல்வது? “மோர் வருகிறது, கையை எடு” என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

நிற்க. வறுமையைப் பிள்ளைகள் எவ்வாறு அறிகின்றனர் என்னும் வினாவுக்கு இவ்வங்க நாட்டிலேயே புகழ்பெற்ற ஒரு விடை இருக்கிறது. 1943-இல் வங்கத்தைப் பஞ்சம் கவ்விற்று. கிராமத்து மக்கள் கஞ்சித் தண்ணீருக்காகக் கல்கத்தா வீதிகளுக்கு நடந்து வந்து நடைபாதைகளிலேயே மாண்டனர். இறந்தோர் ஏறக்குறைய 15 இலட்சம் என்று 1945-இல் விசாரணைக் கமிஷன் கணித்தது. முப்பது இலட்சம் வரை இருக்கும் என்பர் பின்னாள் ஆராய்ச்சியாளர். அப்போது சாந்திநிகேதனத்தில் பாட்டனார் வீட்டில் வளர்ந்த ஒரு சிறுவனுக்குப் பத்து வயது நிரம்பவில்லை. பசியென்று வாசலில் வந்து நிற்போருக்கு ஒரு சிகரெட் டப்பா அளவு அரிசி கொடுக்கலாம் என்று பாட்டனார் அவனுக்கு அனுமதி தந்திருந்தார். கொடுத்துக் கொடுத்துப் பார்த்த அந்தச் சிறுவனின் மனத்தில் ஒன்று தைத்தது. மடிந்தவர்கள் எல்லாரும் கிராமத்து ஏழைகள். தன் வீட்டாருக்கோ தன் பள்ளித் தோழர்களின் வீட்டாருக்கோ சோற்றுக்குக் குறைவில்லை. அப்படியானால் நாட்டில் அரிசி இல்லை என்பது எவ்வாறு பொருந்தும்?

அந்தச் சிறுவனே அமர்த்திய சென். 1981-இல் அவர் வெளியிட்ட வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூல், 1943-இல் குறைந்தது விளைச்சல் மட்டுமன்று, அரிசியை வாங்கும் வலிமை உழைப்பாளிக்கு இல்லாமற் போனதே பேரழிவுக்குக் காரணம் என்று கணக்கோடு நிறுவிற்று. போர்க்காலத்தில் விலை ஏறிற்று, கூலி ஏறவில்லை. 1998-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பொருளாதாரத்தை நான் படித்தவனல்லன். ஆயினும் ரேஷன் கடைக் கியூவில் நின்றவன் என்ற முறையில் இந்த வாதம் எனக்கு எளிதாகவே விளங்குகிறது.

அயல்நாட்டில் இதற்கு முன்னரே ஓர் அம்மையார் இவ்வழியில் நடந்தார். முதல் உலகப் போர் முடிந்தபின் தோற்றுப்போன ஆஸ்திரிய, ஜெர்மானிய நாடுகளில் குழந்தைகள் பட்டினியால் வாடினர். பகைவர் பிள்ளைகள் தாமே என்று இலண்டனில் பலரும் இருந்துவிட்டனர். எக்லண்டைன் ஜெப் அம்மையார் இருக்கவில்லை. எலும்புந்தோலுமான ஓர் ஆஸ்திரியக் குழந்தையின் படத்தை அச்சிட்டு 1919-இல் டிரபால்கர் சதுக்கத்தில் வழங்கினார். அனுமதியின்றி அச்சிட்டதாகக் கைது செய்யப்பட்டார். ஐந்து பவுன் அபராதமும் விதிக்கப்பட்டது. வழக்கு நடத்திய அரசாங்க வழக்கறிஞரே அந்த ஐந்து பவுனைத் தம் கையிலிருந்து கொடுத்தார் என்பதுதான் இதில் சுவையான செய்தி. அவ்வாண்டே அம்மையாரும் அவர் தங்கை டாரதி பக்ஸ்டனும் குழந்தைகளைக் காக்கும் நிதியைத் தொடங்கினர். அம்மையார் எழுதிய ஐந்து கூறுகள் கொண்ட பிரகடனத்தை 1924-இல் சர்வதேச சங்கம் ஏற்றது. 1959 நவம்பர் 20-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை அதைப் பத்துக் கோட்பாடுகளாக விரித்தது. முப்பது ஆண்டு கழித்து அதே நவம்பர் 20-இல் குழந்தை உரிமைகளுக்கான உடன்படிக்கை நிறைவேறிற்று. இந்தியா அதில் சேர்ந்தது 1992 டிசம்பரில். இடையில் 1948-இல் வந்த மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் விதியில் ‘ஆடவர் அனைவரும்’ என்று பொருள்படும்படி இருந்த தொடரை ‘மனிதர் அனைவரும்’ என்று மாற்றச் செய்தவர் நம் நாட்டு ஹன்சா மேத்தா அம்மையார். நம் பெண் பிள்ளைகள் இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தீர்மானம் வேறு, தட்டில் விழும் சோறு வேறு. சோற்றுக் கதையில் நம் தமிழகம் யாருக்கும் பின்தங்கியதன்று. 1920-இல் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளிக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்பது நிபந்தனை. 1956-இல் காமராசர் ஆட்சியில் பகலுணவு மாநிலமெங்கும் பரவிற்று. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று மக்களிடம் அரிசியும் பணமும் திரட்டினார். 1982 ஜூலை முதல் நாள் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம். ஜி. ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இந்தியா முழுவதும் அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதோ 2001 நவம்பரில்தான்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நானும் அந்தச் சத்துணவு உண்டவன். அலுமினியத் தட்டோடு வேப்பமரத்தடியில் வரிசையில் நின்றிருக்கிறேன். 1989-இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை என்று கலைஞர் ஆட்சியில் வந்தபோது, முட்டை நாளன்று வகுப்பில் ஒருவரும் விடுப்பு எடுத்ததில்லை. அந்தத் தட்டு இல்லாவிடில் நான் பத்தாம் வகுப்பைக் கண்டிருக்கமாட்டேன், இரயில்வேயும் இல்லை, பெஹாலாவும் இல்லை. இவ்வளவும் தெரிந்த நான், ஓர் இரயில் நிலையத்து அலுவலக வராந்தாவில் மழைக்கு ஒதுங்கிப் படுத்திருந்த பையனை, கோப்புகள் நனையும் என்று சொல்லி எழுப்பி விரட்டியிருக்கிறேன். கோப்புகள் உள்ளேதான் இருந்தன.

இனி நான் சொல்ல வந்த பள்ளிக்கு வருவோம். சியால்தா இரயில் நிலையத்தை அறியாதவர் நம்மில் இலர். தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்து அகதிகள் மாதக்கணக்காக அதன் மேடைகளிலேயே குடித்தனம் செய்தனர். அகதிகள் சென்றபின் வீடற்ற பிள்ளைகள் வந்தனர். நிலையத்துக்கு அண்மையில், ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ் சாலையில், லொரெட்டோ பகற்பள்ளி என்னும் பெண்கள் பள்ளி இருக்கிறது. 1979-இல் அதற்குத் தலைமை ஆசிரியையாக வந்தவர் அயர்லாந்திலிருந்து 1956-இல் இந்நாட்டுக்கு வந்த கன்னிகையர் சிரில் மூனி. கட்டணம் கட்டும் வீட்டுப் பெண்கள் உள்ளே, கந்தல் உடுத்த பெண்கள் மதிலுக்கு வெளியே என்றிருந்த நிலை அவருக்குப் பொறுக்கவில்லை. முதலில் ஏழைப் பிள்ளைகளின் சேர்க்கையைப் படிப்படியாகக் கூட்டினார். பிற்காலத்தில் அங்குப் பயின்ற ஏறத்தாழ 1400 மாணவியரில் பாதிப் பேர் கட்டணமின்றிப் பயின்றவர்கள்.

1985-இல் வானவில் பள்ளி தொடங்கிற்று. தெருப்பிள்ளைக்கு மணி அடித்தால் வா என்றால் வரமுடியுமா? குப்பை பொறுக்கி, தம்பியைத் தூக்கி, தண்ணீர் பிடித்து முடித்த பின்னர்தானே அவளுக்குப் பொழுது! ஆகவே எந்நேரம் வந்தாலும் கதவு திறந்திருக்கும் என்று ஏற்பாடு. சரி, கண்ட நேரத்தில் வரும் பிள்ளைக்குத் தனித்தனியே பாடம் சொல்ல இத்தனை ஆசிரியர்களுக்கு எங்கே போவது? அதற்குத்தான் அம்மையார் வழி கண்டார். ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள மாணவியருக்குப் பாடத்திட்டத்திலேயே செயற்கல்விப் பாடவேளை உண்டு. அந்த வேளையில் மற்றப் பள்ளிகளில் தையலும் பொம்மையும் செய்வர். இங்கே ஒரு மாணவி ஒரு தெருப்பிள்ளையோடு அமர்ந்து எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தாள். ஓரளவு தேறியதும் அந்தப் பிள்ளை வயதுக்கேற்ற வகுப்பில் அங்கேயோ அருகிலுள்ள வங்கமொழிப் பள்ளியிலோ சேர்க்கப்படுவாள். இரவில் தங்க இடமில்லாத பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக் கட்டடத்திலேயே இடம் ஒதுக்கினார். பெற்றோர் சிலர், நோய் ஒட்டிக்கொள்ளுமே, படிப்பு கெடுமே என்று அஞ்சியிருப்பர். நானும் அஞ்சியிருப்பேன். ஆனால் சொல்லிக் கொடுப்பவளுக்கே பாடம் நன்றாகப் படிகிறது என்பது வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த உண்மைதான்.

பெரிய மாணவியர் வாரம் ஒருமுறை நகருக்கு வெளியே கிராமப் பள்ளிகளுக்கும் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்தனர். இவை எல்லாவற்றினும் என்னை உலுக்கியது இன்னொன்று. மாணவியர் தத்தம் தெருவிலும் அடுக்குமாடியிலும் வீட்டு வேலை செய்யும் சிறுபிள்ளைகளைக் கண்டறிந்து, அவர்களோடு நட்புக் கொண்டு, பின்பு எசமானியம்மாளிடம் பேசிப் பிள்ளையைப் படிப்புக்கு அனுப்பச் செய்வது என்று ஒரு முயற்சி நடந்தது. எண்ணிப் பாருங்கள். ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசுவது எளிது. அடுத்த வீட்டு மாமியிடம் இதைப் பேசுவது எவ்வளவு கடினம்!

இப்பள்ளிக்கு 1994-இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. 2007-இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. வானவில் இல்லங்கள் பின்னர்ச் சென்னை, ஹைதராபாத், டில்லி முதலிய நகரங்களிலும் எழுந்தன. சிரில் அம்மையார் 2023 ஜூனில் இந்நகரிலேயே காலமானார்.

நம் பக்கத்திலும் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. டயமண்ட் ஹார்பர் சாலையில் தாகூர்புகூர், ஜோகா தாண்டிச் சென்றால் பைலான் வருகிறது. அங்கேதான் டாக்டர் சமீர் சௌதுரி 1974-இல் தொடங்கிய சினி என்னும் குழந்தை நல நிலையம் உள்ளது. வாரம் ஒருநாள் சிறு குழந்தைகளை எடைபோட்டு மருந்து கொடுக்கும் கிளினிக்காகத் தொடங்கியது. குழந்தைக்கு வந்தது நோயன்று, பசி என்று கண்டபின், தானியமும் பருப்பும் வறுத்து அரைத்த மலிவான சத்துமாவைத் தாய்மாருக்குப் பழக்கினார்கள். நம் வீட்டுப் பாட்டிமார் செய்யும் கஞ்சி மாவின் உடன்பிறப்பு அது. மதுரையில் மக்கள் கண்காணிப்பகத்தார் 1997 முதல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியைக் கொண்டுவந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் அபாயமான தொழில்களை மட்டுமே தடுத்தது. 2006 அக்டோபர் 10 முதல் வீட்டு வேலையும் ஓட்டல் வேலையும் அப்பட்டியலில் சேர்ந்தன. 2016-இல் வந்த திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பின் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பதினான்கு வயதுக்குட்பட்டோரை எவ்வேலைக்கும் வைக்கலாகாது என்றது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி 2010 ஏப்ரல் முதல் நாளிலிருந்து உரிமையாயிற்று. ஆக, சென்ற ஆண்டு நம் பந்தியில் நடந்தது சட்டப்படியும் குற்றமே. அப்பந்தியில் வயிறார உண்டவர்களில் நானும் ஒருவன்.

இவ்வாண்டு செயற்குழுவில் இதை எடுத்துரைத்தேன். வாக்குவாதம் நடந்தது. “அந்தக் கூலியில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிகிறது, நாம் வேண்டாம் என்றால் வேறிடம் போவான்” என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அவர் இரக்கமற்றவர் அல்லர். அவர் சொன்னதை முற்றிலும் மறுக்க என்னால் இயலவில்லை. முடிவில், பதினான்கு வயதுக்குட்பட்டோரைப் பரிமாற அழைத்து வரக்கூடாது என்று சமையல் குத்தகைக் காகிதத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. குத்தகைக்காரரும் முணுமுணுத்துக்கொண்டே கையொப்பமிட்டார்.

இதைப் பரிசு பெற்ற சிறுமியிடம் சற்றே பெருமையோடுதான் சொன்னேன். “அப்படியானால் அவன் இப்போது பள்ளிக்குப் போகிறானா மாமா?” என்று கேட்டாள். மறுநாளே குத்தகைக்காரரிடம் விசாரித்தேன். ஊருக்கு அனுப்பிவிட்டேன் என்றார். எந்த ஊர் என்றதற்கு, லக்ஷ்மிகாந்தபூர் மார்க்கத்தில் ஏதோ ஓர் ஊர், தரகர் மூலம் வந்த பையன் என்றார். அந்த மார்க்கத்து நிலையங்களின் பெயர்கள் யாவும் எனக்கு மனப்பாடம். பையனின் பெயரை மட்டும் நான் கேட்டு வைத்திருக்கவில்லை. விழாவுக்கு முன்பணம் வாங்கக் குத்தகைக்காரர் அடுத்த வாரம் வருகிறார். தரகர் முகவரியோடு வரும்படி சொல்லியிருக்கிறேன்.