வளர மறுத்த அணுக்கள்

1947. பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்று ஒரு டாக்டர். நோயியல் நிபுணர். இறந்துபோன குழந்தைகளின் உடலை ஆராய்ந்து காரணம் எழுதுவது அவர் வேலை. அந்த ஆசாமிக்குத் திடீரென்று ஓர் ஆசை: ‘சாவதற்கு முன்பே இந்தக் குழந்தைகளைப் பார்த்தால் என்ன?’

அவர் குறிவைத்தது லுகேமியாவை. அன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே, சில வாரம், மிஞ்சினால் சில மாதம் என்று அர்த்தம்.

இங்கே ‘பிளாஸ்ட்’ பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரத்த அணுக்களின் சின்னப் பிள்ளைப் பருவம் அது. உங்கள் எலும்பு மஜ்ஜையிலும் உண்டு, என்னுடையதிலும் உண்டு. நூற்றுக்கு ஐந்துக்குள் இருக்கும். வளர்ந்து ஆளாகி, வெள்ளை அணுவாக ரத்தத்தில் இறங்கிக் கிருமியோடு மல்லுக்கு நிற்க வேண்டியவை. லுகேமியாவில் இவை வளர மறுக்கின்றன. ஆனால் பெருகுவதை மட்டும் நிறுத்துவதில்லை! மஜ்ஜை முழுக்க இவையே அடைத்துக்கொள்ள, சிவப்பு அணுவுக்கும் பிளேட்லெட்டுக்கும் இடமில்லை. குழந்தை வெளுக்கிறது. ஈறில் ரத்தம் கசிகிறது. வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக இருந்தும், கிருமி வந்தால் சண்டை போட ஆளில்லை.

ஃபோலிக் ஆசிட் சேர்ந்த மருந்தைக் கொடுத்தால் ரத்தம் தேறும் என்று நினைத்தார் ஃபார்பர். கொடுத்தார். நோய் நாலு கால் பாய்ச்சலில் ஓடியது. விபரீதம்தான்! ஆனால் அவருக்குப் பொறி தட்டியதும் அங்கேதான். அணு இரண்டாகப் பிரிய டி.என்.ஏ. வேண்டும். டி.என்.ஏ. தயாரிக்க ஃபோலிக் ஆசிட் வேண்டும். அப்படியானால் போலி ஃபோலிக் ஆசிட் ஒன்றைக் கொடுத்து பிளாஸ்டுகளை ஏமாற்றினால்?

அந்தப் போலியைத் தயாரித்துக் கொடுத்தது லெடர்லி நிறுவனம். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைவர் யார் தெரியுமோ? எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், நம்ம சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் அணிந்ததால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ்.ஸோடு வெளியே வந்தவர் என்பார்கள். பிழைப்புக்காக பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு நேர எடுபிடி வேலைகூடப் பார்த்திருக்கிறார்.

மருந்தின் பெயர் அமினோப்டெரின். 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது. சிலருக்கு மஜ்ஜையில் பிளாஸ்ட் கூட்டம் கலைந்து, ஒழுங்கான அணுக்கள் தலைகாட்டின. படுத்த படுக்கையாய்க் கிடந்த பிள்ளைகள் எழுந்து நடந்தார்கள்.

எத்தனை நாளைக்கு? சில மாதங்கள்தான். பதுங்கியிருந்த பிளாஸ்டுகள் திரும்பி வந்தன. ‘வீணாக எதற்கு இந்தச் சித்திரவதை’ என்று கேட்டவர்களும் உண்டு. அந்தச் சில மாதம் பெற்றவர்களுக்கு எப்படிப்பட்டது என்பதை அவர்களைத்தான் கேட்டிருக்க வேண்டும். ஒரே மருந்து போதாது, பல மருந்துகளைச் சேர்த்து வருடக் கணக்கில் கொடுக்க வேண்டும் என்று புரிய இன்னும் பல வருடம் ஆயிற்று. இன்று, வசதியான மருத்துவமனைகளில், குழந்தைகளுக்கு அதிகம் வருகிற வகை லுகேமியாவில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

ஃபார்பரின் கட்டுரை வெளிவந்தது 1948 ஜூனில். ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே போய்விட்டார், 53 வயதில். அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் குழந்தைகளின் மருந்துச் சீட்டில் இருக்கிறது.