வேப் கருவி: பேட்டரி பாதி இருந்தும் நின்றுபோவது ஏன்?

அதிக வாட் வேப் கருவிகளில், பேட்டரி பாதி இருப்பதாகத் திரை காட்டும்போதே ‘பேட்டரி போதவில்லை’ என்ற எச்சரிக்கை வருவதுண்டு. பெரும்பாலும் கோளாறு கருவியில் அல்ல, பேட்டரியில்தான்.

இரண்டு பேட்டரிகள் கொண்ட கருவியை 150 வாட்டில் வைத்தால் ஒவ்வொன்றும் 75 வாட் தர வேண்டும். மின்னழுத்தம் 3.5 வோல்ட்டாக இருக்கும்போது அதற்கு 21 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் தேவை. 18650 வகை பேட்டரிகள் பலவற்றின் பாதுகாப்பு வரம்பே 20 ஆம்பியர் அல்லது அதற்கும் குறைவு. பழைய பேட்டரியில் உள்மின்தடை கூடியிருப்பதால் மின்னழுத்தம் சட்டெனச் சரியும், கருவி நின்றுவிடும்.

கவனிக்க வேண்டியவை:

• வாட் அளவைக் குறைத்துப் பாருங்கள். எச்சரிக்கை மறைந்தால் பேட்டரியால் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை என்று பொருள்.
• பேட்டரியைக் கழற்றி, இரு முனைகளையும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.
• மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியதோடு பழையதைச் சேர்க்காதீர்கள்.
• மேலுறை கிழிந்த, நசுங்கிய, அதிகம் சூடேறும் பேட்டரியை உடனே ஒதுக்குங்கள்.
• உதிரி பேட்டரியைச் சாவி, சில்லறைக் காசுடன் பையில் போடாதீர்கள். உலோகம் உரசினால் தீப்பிடிக்கலாம்.

மலேசியாவில் 18 வயதுக்குட்பட்டோருக்கு வேப் விற்பது குற்றம். சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதே குற்றம்.