சீட்டு விற்காத பந்தயம்: நாய் ஓட்டமும் 21ஆம் பிரிவும்

தென் மாவட்ட வேட்டைநாய்களைப் பற்றி எழுதுவோரிடையே ஒரு முடிவு ஏறக்குறையப் பழமொழியாகிவிட்டது: சட்டம் இருக்கிறது, அமலாக்கம்தான் இல்லை. நாய்ப் பந்தயம் நடத்துவோர் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும், குட்டி எடுப்போர் 2017ஆம் ஆண்டு விதிகளின்படியும் பதிவு செய்ய வேண்டியவர்கள். இரு சாராரும் செய்வதில்லை, அதிகாரிகள் கேட்பதில்லை என்பது அந்த வாதம். கடையநல்லூர் வட்டாரத்தை முன்வைத்து நான் சொல்ல வருவது இதற்கு மாறானது. கேட்காத அதிகாரி சட்டத்தைச் சரியாகவே படித்திருக்கிறார். ஓட்டை சட்டத்தின் சொல்லில் இருக்கிறது. அது தற்செயலாக விழுந்த ஓட்டையாகவும் எனக்குத் தெரியவில்லை.

கடையநல்லூர்த் தேநீர்க் கடைச் சுவரொன்றில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். கிழக்கே கரிசல் ஊர் ஒன்றின் கோயில் கொடையை ஒட்டி நாய் ஓட்டப் பந்தயம். நாய் ஒன்றுக்கு நுழைவுக் கட்டணம் இவ்வளவு, முதல் பரிசு தருபவர் இன்னார், கோப்பை தருபவர் இன்னார், விழாக் கமிட்டியாரின் முடிவே இறுதியானது. மாட்டுவண்டிப் பந்தய நோட்டீஸின் அதே அச்சு. மாட்டுப் படம் இருக்க வேண்டிய இடத்தில், வயிறு ஒட்டி முதுகு வில்லாக வளைந்த, கன்னி இனத்து வேட்டைநாய் ஒன்று. வேடிக்கை பார்க்க வருபவர் காசு கொடுக்க வேண்டும் என்ற வரி மட்டும் அதில் எங்கும் இல்லை. அந்த இல்லாத வரியைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் அத்தியாயம் வித்தை காட்டும் விலங்குகளைப் பற்றியது. பதிவு செய்யாமல் எவரும் அத்தகைய விலங்கைக் காட்சிப்படுத்தவோ பழக்கவோ கூடாது என்கிறது 22ஆம் பிரிவு. பலரும் இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு முந்தைய 21ஆம் பிரிவு, காட்சிப்படுத்துதல் என்றால் என்ன என்று வரையறுக்கிறது: சீட்டு விற்பனையின் வழியாகப் பொதுமக்கள் அனுமதிக்கப்படும் கேளிக்கையில் காட்டுவது. பழக்குதல் என்பதும் அத்தகைய காட்சிக்காகப் பழக்குவதே. சீட்டு இல்லையென்றால் காட்சியும் இல்லை, பழக்கலும் இல்லை, பதிவுக்கான கடமையும் இல்லை.

இதைச் சட்ட வரைவாளரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடலாம். மூலத்தோடு ஒப்பிட்டால் தள்ள முடியாது. பிரிட்டனின் 1925ஆம் ஆண்டு வித்தை விலங்குகள் ஒழுங்குமுறைச் சட்டத்தை அருகில் வைத்துப் படித்தால் நம் 21ஆம் பிரிவு எங்கிருந்து வந்தது என்பதில் ஐயம் இராது. வாக்கியத்தின் கட்டு ஒன்றே, பழக்குதலுக்கான வரையறையும் ஒன்றே. ஓரிடத்தில் மட்டும் இரண்டும் பிரிகின்றன. பணம் கொடுத்தோ கொடுக்காமலோ பொதுமக்கள் அனுமதிக்கப்படும் எந்தக் கேளிக்கையும் பிரிட்டன் சட்டத்துக்குள் வரும். நம் வரைவு அந்தத் தொடரை எடுத்துவிட்டு, அதே இடத்தில் சீட்டு விற்பனையை வைத்திருக்கிறது. விடுபட்ட சொல்லை மறதி எனலாம். ஒன்றை எடுத்து, அதற்கு எதிர்த்திசையில் செல்லும் மற்றொன்றை வைப்பது மறதியில் நடக்கும் காரியமாகத் தோன்றவில்லை.

ஏன் மாற்றினார்கள்? இங்கே நான் ஊகத்தைத்தான் தர முடியும். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்த ஐம்பதுகளின் தெருவை நினைத்துப் பார்க்க வேண்டும். பாம்பாட்டி, குரங்காட்டி, கரடி வித்தைக்காரர், பூம்பூம் மாட்டுக்காரர் என எல்லோரும் பொதுமக்கள் முன்னால் விலங்கைக் காட்டியவர்கள். எவரும் சீட்டு விற்றவர்கள் அல்லர். பிரிட்டன் சொற்களை அப்படியே எடுத்திருந்தால் இவர்கள் அத்தனை பேரும் பதிவேட்டுக்கு வர வேண்டியிருக்கும். சீட்டு என்ற சொல் சர்க்கஸைப் பிடித்துத் தெருவை விட்டுவிட்டது. அந்த இரக்கத்தின் நிழலில்தான் இன்று நாய்ப் பந்தயமும் நிற்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று 2001ஆம் ஆண்டின் வித்தை விலங்குகள் பதிவு விதிகள். அவை வித்தை விலங்கை வரையறுக்கும்போது, திரைப்படமும் குதிரை நிகழ்ச்சியும் உட்பட, பொதுமக்கள் அனுமதிக்கப்படும் எந்தக் கேளிக்கைக்கும் பயன்படும் விலங்கு என்கின்றன. சீட்டு காணாமல் போய்விட்டது. 1925ஆம் ஆண்டின் அகலம் முக்கால் நூற்றாண்டு கழித்துப் புழக்கடை வழியாகத் திரும்பியிருக்கிறது. இதைக் காட்டித்தான் கிராமப் பந்தயமும் பதிவுக்கு உட்பட்டதே என்று எழுதுகிறார்கள். விதிகளின் நோக்கத்தோடு எனக்குப் பிணக்கில்லை. இப்படி ஒரு வரையறை வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் விதி தாய்ச் சட்டத்தைத் தாண்ட முடியாது. பதிவு செய்யும் கடமை 22ஆம் பிரிவில் பிறக்கிறது. அது 21ஆம் பிரிவின் வரையறைக்குள் அடங்கியது. வித்தை விலங்கு எது என்பதை விதி எவ்வளவு அகலப்படுத்தினாலும், காட்சிப்படுத்துதல் எது என்பதைச் சட்டம் சீட்டோடு கட்டிப்போட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கடமை எழும்.

ஜல்லிக்கட்டு வழக்கை இங்கே நினைவூட்டுவார்கள். சீட்டு விற்பனை இல்லை, ஆகவே காளை வித்தை விலங்கு ஆகாது என்ற வாதம் அதில் அமைப்பாளர் தரப்பிலிருந்து வந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அத்தீர்ப்பின் பாரத்தை முதன்மையாகத் தாங்குபவை விலங்கைப் பேணும் கடமையையும் வதைக் குற்றத்தையும் சொல்லும் 3, 11ஆம் பிரிவுகள். தவிர, காளையை வித்தை விலங்காகப் பயன்படுத்தக் கூடாது என்று 2011 ஜூலை 11 அறிவிக்கை பெயர் சொல்லித் தடுத்திருந்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம், காளை என்ற அந்தப் பட்டியலில் நாய் இல்லை.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்றுண்டு. நானே சில காலம் அதில் தடுமாறினேன். 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், 22ஆம் பிரிவு ஜல்லிக்கட்டுக்குப் பொருந்தாது என்று விலக்கு அளித்தது. சீட்டில்லாத நிகழ்ச்சி ஏற்கெனவே அந்தப் பிரிவுக்கு வெளியே இருந்தால், விலக்கு எதற்கு? விலக்கு கொடுத்ததே அது உள்ளே இருந்ததற்குச் சாட்சி அல்லவா? நல்ல கேள்வி. ஆனால் அந்தத் திருத்தம் ஊர் கொந்தளித்த நேரத்தில், எந்தக் கதவும் திறந்திருக்கக் கூடாது என்ற பதற்றத்தில் எழுதப்பட்டது. 3, 11, 22, 27 என்று காளை சிக்கக்கூடிய ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பூட்டைப் போட்டார்கள். பூட்டிய வீட்டுக்கு மேற்பூட்டு போடுவதால் முதல் பூட்டு இல்லையென்று ஆகிவிடாது.

நாய் உரிமையாளர் கட்டும் நுழைவுக் கட்டணமே சீட்டுதான் என்ற வாதம் நீண்ட நேரம் பேசத் தக்கதல்ல. பொதுமக்களை உள்ளே விடுவதற்கான விற்பனையையே பிரிவு சொல்கிறது; போட்டியாளர் பொதுமக்கள் அல்லர். வதைக்கு 11ஆம் பிரிவு போதுமே என்பாரும் உண்டு. அந்தப் பிரிவு வதை நடந்த பிறகு வருவது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அதைக் கண்காணிப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

குட்டி எடுப்பதிலும் இதே கதைதான், சற்று வேறு உருவில். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் உள்ளடக்கத்தில் குறை சொல்ல முடியாதவை. 18 மாதம் நிரம்பாத பொட்டையை இணை சேர்க்கக் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, மாநில விலங்குநல வாரியத்தில் 5,000 ரூபாய் கட்டிப் பதிய வேண்டும். ஆனால் யார் இனப்பெருக்குநர்? இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்குமாகக் குறிப்பிட்ட இன நாய்களை வைத்திருப்பவர். இரண்டும் சேர வேண்டும். கடையநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் போகும் வழியில் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டால், கிராஸுக்குக் கடுவன் தந்தவருக்கு ஈத்தில் ஒரு குட்டி, சம்பந்தி வீட்டுக்கு ஒன்று, தோட்டக் காவலுக்குக் கேட்டவருக்கு ஒன்று என்றுதான் கணக்கு சொல்கிறார்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி விலை என்றால் பணம். குட்டிக்குக் குட்டி மாற்றினால் அது விற்பனை ஆகாது. குட்டிகள் இப்போது செல்பேசிப் படங்களின் வழியே ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விலைபோவதும் உண்மை. அப்படி விற்பவர்கள் விதிக்குள் வருவார்கள், வர வேண்டும். ஆனால் பந்தயத்தில் ஓடும் நாய் பெரும்பாலும் கைமாற்றாக வந்த நாய் என்பதை வட்டாரத்தில் பழகியவர்கள் அறிவார்கள்.

மாநில அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும் இந்த இடத்தைத் தொடவில்லை. நம் வெயிலுக்கு ஒவ்வாதவை என்று பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட 11 அயல் இனங்களை அது விலக்கியது. ஓட்டத்துக்காக நாட்டு வேட்டைநாயான சிப்பிப்பாறையோடு கலக்கப்படும் கிரேஹவுண்ட் அந்தப் பட்டியலில் இல்லை. சிப்பிப்பாறையைக் காக்க எழுந்த கொள்கை, சிப்பிப்பாறையின் இரத்தத்தைக் கரைக்கும் நாயைக் கேள்வி கேட்கவில்லை. இது எனக்கு விளங்காத புதிர்.

சரியான சொல் இருந்தால் சட்டம் பிடிக்கும் என்பதற்கு அதே வட்டாரத்தில் சான்று உண்டு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை வரையறுக்கும்போது, நாயை ஏவித் துரத்திப் பிடிப்பதையும் அதற்கான முயற்சியையும் சேர்த்தே சொல்கிறது. அங்கே சீட்டும் இல்லை, விற்பனையும் இல்லை, செயலைச் சொல்கிறது. முயலின் பின்னால் நாயை விட்டவர் வனத்துறையிடம் சிக்குவது அதனால்தான். இங்கிலாந்தின் 2010ஆம் ஆண்டு பந்தய கிரேஹவுண்ட் நலவிதிகளும் பந்தயத் தடத்தையும் நாயையும் பிடிக்கின்றன: தடத்தில் கால்நடை மருத்துவர் இருக்க வேண்டும், ஓடும் நாய்க்கு அடையாளம் இருக்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவர் காசு கொடுத்தாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. அப்படிப்பட்ட ஒழுங்குகளையும் போதாதென்று கண்ட நியூசிலாந்து, 2024 டிசம்பரில் பந்தயத்தையே முடித்துக்கொள்வதாக அறிவித்தது. நாம் அந்த விவாதத்தின் வாசலுக்கே இன்னும் வரவில்லை.

விலங்குவதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் உள்ள பொருள். குடியரசுத் தலைவர் ஒப்புதலுடன் மாநிலமே திருத்தலாம். காளைக்காக அதைச் செய்தும் காட்டியிருக்கிறோம். 21ஆம் பிரிவில் சீட்டு விற்பனை என்ற தொடரை எடுத்துவிட்டுக் கட்டணத்துடனோ இல்லாமலோ என்று எழுதினால் போதும். தெரு வித்தைக்காரருக்கு வேண்டுமானால் தனி விலக்குத் தரலாம். 2017இல் சட்டமன்றம் 22ஆம் பிரிவைத் திறந்தது. அதற்கு முந்தைய பிரிவை அது தொடவில்லை.