லிங்க்ட்இன்-ல் கிடைத்த டிஃபெண்டர்... உலகக் கோப்பைக்குள் நுழைந்த குட்டித் தீவு! - கேப் வெர்டே கால்பந்து அணியின் கதை

லிங்க்ட்இன்-ல் தெரியாத ஒருவரிடமிருந்து, புரியாத மொழியில் ஒரு மெசேஜ் வந்தால் என்ன செய்வீங்க? ஸ்பேம் என்று நினைத்துக் கடந்துபோவீங்க, இல்லையா? அயர்லாந்தின் டப்ளினைச் சேர்ந்த ரொபெர்ட்டோ லோபஸும் அதைத்தான் செய்தார். சுமார் ஒன்பது மாதம் கழித்து அதே நபர் ஆங்கிலத்தில் மறுபடியும் கேட்டபோதுதான், பழைய மெசேஜை கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டுப் பார்த்தார். அனுப்பியவர் ஒரு தேசிய அணியின் பயிற்சியாளர். ‘எங்க நாட்டுக்கு ஆட வர்றீங்களா?’ என்பதுதான் விஷயம்!

அந்த நாடு கேப் வெர்டே. லோபஸின் அப்பா அங்கிருந்து வந்தவர். அம்மா ஐரிஷ். 2019-ல் லோபஸ் அந்த அணியின் ஜெர்சியைப் போட்டார். 2025 அக்டோபரில் அதே அணி, வரலாற்றில் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கேட்க காமெடியாக இருக்கும் அந்த லிங்க்ட்இன் கதைக்குள்தான், இந்த அணி உருவான ரகசியமும் இருக்கிறது.

முதலில் மேப்பைப் பார்ப்போம்

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லான்டிக் கடலில் சிதறிக்கிடக்கும் பத்துத் தீவுகள்தான் கேப் வெர்டே. தலைநகரம் பிரயா. மக்கள்தொகை சுமார் 5.25 லட்சம். 15-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் வந்து குடியேறும்வரை அங்கே மனிதர்களே இல்லை. பிறகு அடிமை வணிகத்தின் முக்கியத் தளமானது. சுதந்திரம் கிடைத்தது 1975 ஜூலை 5-ல்.

தீவு அழகுதான். ஆனால், மழை கைவிட்டுவிடும். 1940-களின் பஞ்சங்களில் மட்டும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். பிழைக்க வேண்டும் என்றால் கப்பலேற வேண்டும் என்பதே பல தலைமுறைகளின் விதியாக இருந்தது. திமிங்கில வேட்டைக் கப்பல்களில் அமெரிக்காவுக்குப் போனார்கள். அப்புறம் லிஸ்பன், ராட்டர்டாம், பாரிஸ் என்று பரவினார்கள். இன்று தீவில் இருப்பவர்களைவிட, வெளியே வாழும் கேப் வெர்டே வம்சாவளியினர்தான் அதிகம் என்கிறார்கள்.

அடுத்தவர் ஜெர்சியில் ஆடிய பிள்ளைகள்

மக்கள் போனால் திறமையும் கூடவே போகும்தானே? மான்செஸ்டர் யுனைடெட் நட்சத்திரம் நானி, பிரயாவில் பிறந்தவர். ஆடியது போர்ச்சுகலுக்கு. ஸ்வீடனின் ஹென்ரிக் லார்சனுக்கு அப்பா கேப் வெர்டேக்காரர். பிரான்ஸுக்கு 1998 உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்த பேட்ரிக் வியெராவின் அம்மாவுக்கும் பூர்வீகம் இதே தீவுகள்தான்.

சொந்த அணியோ மெதுவாகத்தான் வளர்ந்தது. 1986-ல் ஃபிஃபாவில் உறுப்பினர் ஆனது. 2000-ல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் ஆடிய அமில்கார் கப்ரால் கோப்பையை வென்றது. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் முதன்முதலாகக் கால்வைத்தது, 2002 உலகக் கோப்பைக்காகத்தான்.

இந்த நேரத்தில் உதவியது ஒரு விதிமாற்றம். ஒரு நாட்டின் ஜூனியர் அணியில் ஆடிய வீரர், பிறகு தனக்கு உரிமையுள்ள இன்னொரு நாட்டின் சீனியர் அணிக்கு மாறுவதற்கு ஒரு வயது வரம்பு இருந்தது. 2009-ல் ஃபிஃபா அதை எடுத்துவிட்டது. ஐரோப்பாவில் பிறந்து, அங்கேயே பயிற்சி பெற்ற பிள்ளைகளிடம் ‘தாத்தா ஊருக்கு ஆட வர்றியா?’ என்று கேட்பது இதனால் சுலபமானது.

2013: கொண்டாட்டமும் கண்ணீரும்

2012 அக்டோபரில் உலகமே திரும்பிப் பார்த்தது. ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதிச்சுற்றில் பலம்வாய்ந்த கேமரூனை, இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 3-2 என்று வெளியேற்றியது கேப் வெர்டே. பயிற்சியாளர் லூசியோ அன்துனஸின் தொழில் என்ன தெரியுமா? விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்!

2013 ஜனவரியில், முதல் ஆப்பிரிக்கக் கோப்பை. தென்னாப்பிரிக்காவுடன் டிரா, மொராக்கோவுடன் டிரா. அங்கோலாவுக்கு எதிராக 0-1 என்று பின்தங்கியிருந்தபோது, 81-வது நிமிடத்தில் ஃபெர்னாண்டோ வரேலா சமன் செய்தார். கடைசி நேரத்தில் ஹெல்டன் அடித்த கோல், அணியைக் காலிறுதிக்குக் கொண்டுபோனது. அங்கே கானாவிடம் 0-2 என்று தோற்றாலும், பெயர் எடுத்தாகிவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் அடுத்த அதிசயம். 2014 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் துனிசியாவை அதன் மண்ணிலேயே 2-0 என்று வீழ்த்தியது. இன்னும் ஒரே ஒரு சுற்றுதான் பாக்கி. ஆனால், சில நாள்களிலேயே இடி விழுந்தது. தடையில் இருந்த ஒரு வீரரை ஆட வைத்ததாகச் சொல்லி, ஆட்டத்தைத் துனிசியாவுக்கு 3-0 என்று எழுதிக் கொடுத்தது ஃபிஃபா. அந்த வீரர் வேறு யாருமில்லை, அங்கோலாவுக்கு எதிராக அணியைக் காப்பாற்றிய அதே வரேலா. களத்தில் ஜெயித்தும், காகிதத்தில் கனவு போனது.

ஏறி, இறங்கி, மறுபடி ஏறி...

அதற்குப் பிறகும் அணி தொலைந்துபோகவில்லை. 2014 பிப்ரவரியில் ஃபிஃபா தரவரிசையில் 27-வது இடம். 2015 மார்ச்சில் நட்பு ஆட்டம் ஒன்றில், ஒருகாலத்தில் தங்களை ஆண்ட போர்ச்சுகலை அதன் மண்ணிலேயே 2-0 என்று தோற்கடித்தது. அந்த மகிழ்ச்சியைத் தனியாக விளக்க வேண்டுமா என்ன!

2020-ல், முன்னாள் கேப்டன் புபிஸ்டா பயிற்சியாளர் ஆனார். 2024 ஆரம்பத்தில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் கானாவை வென்று, எகிப்துடன் டிரா செய்து, காலிறுதிவரை போனார்கள். தென்னாப்பிரிக்காவிடம் பெனால்ட்டி ஷூட் அவுட்டில் தோற்றார்கள். எதிரணிக் கீப்பர் ரான்வென் வில்லியம்ஸ் நான்கு பெனால்ட்டிகளைத் தடுத்த மேட்ச் அது.

அடுத்த ஆப்பிரிக்கக் கோப்பைக்கோ தகுதியே பெறவில்லை. குரூப்பில் கடைசி இடம். பல நாடுகளில் கோச்சை மாற்றியிருப்பார்கள். இங்கே புபிஸ்டா தொடர்ந்தார்.

மூன்று கோல், மூன்று ஊர்

2026 உலகக் கோப்பையில் 48 அணிகள் என்பதால், ஆப்பிரிக்காவுக்கு நேரடி இடங்கள் ஐந்திலிருந்து ஒன்பதாக உயர்ந்தன. கதவு கொஞ்சம் அகலமானது உண்மைதான். ஆனால், குரூப்பில் முதலிடம் பிடித்தால்தான் நேரடி டிக்கெட். அதே குரூப்பில் கேமரூனும் இருந்தது. 2024 ஜூனில் கேமரூனிடம் 1-4 என்று அடிவாங்கினார்கள். 2025 செப்டம்பரில் பிரயாவில் 1-0 என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

அக்டோபர் 8 அன்று லிபியாவை வென்றிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். 1-3 என்று பின்தங்கி, போராடி 3-3 டிரா. எல்லாமே கடைசி ஆட்டத்துக்குத் தள்ளிப்போனது. அக்டோபர் 13, பிரயா, எதிரணி எஸ்வாட்டினி. முதல் பாதியில் கோல் இல்லை. டென்ஷன் எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க!

48-வது நிமிடத்தில் டைலான் லிவ்ரமென்டோ முதல் கோல். சில நிமிடங்களில் வில்லி செமெடோ இரண்டாவது. கூடுதல் நேரத்தில், 37 வயது ஸ்டோபிரா மூன்றாவது. லிவ்ரமென்டோ பிறந்தது ராட்டர்டாமில். செமெடோ பாரிஸுக்குப் பக்கத்தில். ஸ்டோபிரா பிரயாவிலேயே. கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகளும், ஊரிலேயே இருந்தவர்களின் பிள்ளையும் சேர்ந்து அடித்த 3-0 அது.

‘வெளிநாட்டில் பிறந்தவர்களை இறக்கி ஜெயிப்பது நியாயமா?’ என்று சிலர் கேட்கலாம். ஆனால், இவர்கள் காசு கொடுத்து வாங்கப்பட்டவர்கள் இல்லை. வறட்சி துரத்திய குடும்பங்களின் வாரிசுகள். பெரிய நாடுகள் பல தலைமுறைகளாக இந்தத் தீவின் திறமையை எடுத்துக்கொண்டன. இந்தத் தீவு இப்போதுதான் தன் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறது. வருவதா, வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. லோபஸ் போலப் பலரும் ‘வர்றேன்’ என்றார்கள்.

2025 டிசம்பரில் நடந்த குலுக்கலில் ஸ்பெயின், உருகுவே, சவுதி அரேபியாவுடன் ஒரே குரூப்பில் வந்தது கேப் வெர்டே. சுலபமான குரூப் இல்லை. ஆனால், ‘நீலச் சுறாக்கள்’ என்று செல்லமாக அழைக்கப்படும் இவர்களுக்கு எது சுலபமாகக் கிடைத்தது? இனி ஸ்கோர்போர்டில் இந்தப் பெயரைப் பார்த்தால், அந்த 5.25 லட்சம் பேரை மட்டும் நினைக்காதீங்க. லிஸ்பனிலும் ராட்டர்டாமிலும் டப்ளினிலும் இருக்கும் மற்றவர்களையும் சேர்த்து எண்ணுங்க. அப்போதுதான் இந்த அணியின் உண்மையான சைஸ் புரியும்!