சுக்கிலநத்தத்தில் தொடங்கிய கல்யாணம்

விருதுநகர் மாவட்டம் என்றால் பட்டாசும் தீப்பெட்டியும் எண்ணெயும்தான் சட்டென்று நினைவுக்கு வரும். ஐயர் இல்லாத கல்யாணமும் இந்த மண்ணில் பிறந்ததுதான். அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் 1928-ல் பெரியார் தலைமையில் நடந்ததையே முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள்.

இந்தக் கரிசல் காட்டில் அது முளைத்ததில் வியப்பில்லை. கோயில் வாசலில் அடிபட்ட வட்டாரம் இது. கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் 1897-ல் தடையை மீறி நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. நடுவில் 1899-ல் நாடார்களைத் தாக்கிய சிவகாசிக் கொள்ளை. பூணூல் போட்டு, நாங்களும் க்ஷத்திரியர்தான் என்று நிரூபிக்கப் பார்த்த நாடார்களும் உண்டு. யாரிடம் நிரூபிக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டதுதான் பெரியாரின் சுயமரியாதை இயக்கம். 1929-ல் செங்கல்பட்டில் கூடிய அதன் முதல் மாகாண மாநாட்டுக்குத் தலைவர், நாடார் சமூகத்தின் டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியன். 1931-ல் மாநாடு விருதுநகருக்கே வந்தது.

சுயமரியாதைத் திருமணப் பந்தலில் ஓமகுண்டம் இருக்காது. மந்திரம் இல்லை, அம்மி மிதிப்பதும் இல்லை. வேண்டுமென்றே ராகுகாலத்தில் முகூர்த்தம் வைத்தவர்கள் உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர் அறிய உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொண்டால் முடிந்தது. ஆனால் பேச்சாளர்கள் அவ்வளவு சீக்கிரம் முடிக்கமாட்டார்கள். பந்தியில் இலை காய்ந்துபோகும்!

சட்டம்தான் உடனே இறங்கி வரவில்லை. சடங்கும் இல்லை, வழக்காறும் இல்லை, ஆகவே இது திருமணமே அல்ல என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. இப்படி மணந்தவர்களின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமையே கேள்விக்குறியானது. அண்ணா முதல்வரானதும் 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார். மாலையோ மோதிரமோ தாலியோ, ஏதேனும் ஒன்று போதும். முன்பு நடந்த மணங்களும் செல்லும்.

எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்று உண்டு. பிரம்ம சமாஜத்தாருக்காக வந்த 1872-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மணம் செய்ய, நான் இந்து அல்ல, முஸ்லிம் அல்ல, கிறிஸ்தவர் அல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கேள்வி கேட்டவன் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பதே அதன் பொருள். 7-ஏ அப்படிக் கேட்கவில்லை. சாமியே இல்லை என்றவரின் கல்யாணத்துக்கும் இந்து சட்டத்துக்குள்ளேயே இடம் ஒதுக்கியது. இதை அண்ணாவின் சாமர்த்தியம் என்றுதான் சொல்வேன்.

இன்றும், "ஐயர் இல்லாமல் செய்தால் செல்லுமா?" என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். செல்லும். ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கல்யாணம் முடிந்த கையோடு பதிவு செய்ய மட்டும் மறந்துவிடாதீர்கள். எந்த முறையில் மணந்தாலும், 2009-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் அது கட்டாயம்.